அட்மினுக்குப் பெயரில்லை, அவளுக்கு மட்டும் இருக்கு

"உந்த ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வைச்சிட்டுப் படியுங்கோ பிள்ளையள்."

சமூக ஊடகமும் பல்கலைக்கழக மாணவரும் என்ற விவாதம் எங்கள் ஊரில் இந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடுகிறது. புதுமுக மாணவர் வரவேற்பில் பிரதம விருந்தினர் இதைச் சொல்கிறார். கோயில் திருவிழா மேடையில் சொல்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு ஐயா சொல்கிறார். சொல்லி முடித்த கையோடு தன்னுடைய ஃபோனை எடுத்து, கனடாவிலிருந்து மருமகன் அனுப்பின வீடியோவை முழுச் சத்தத்தில் போட்டுப் பார்க்கிறார். இதே புத்திமதியைப் பகலில் சொல்லும் விரிவுரையாளர், நாளைய வகுப்பு எட்டு மணிக்கு மாறிவிட்டது என்ற செய்தியை இரவு பத்தரைக்கு வட்ஸ்அப்பில் போடுகிறார். ஃபோனைத் தள்ளி வைத்தவன் வகுப்பைத் தவற விடுகிறான்.

இந்தப் புத்திமதியைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப் போய்விட்டது. ஆனால் இந்தக் கட்டுரை பெரியவர்களுக்கு எதிரானது இல்லை. அவர்களைத் திட்டி எழுதுவது சுகமான வேலை, லைக்கும் விழும். நாங்கள் இதை எங்களுக்கு எதிராகத்தான் எழுதுகிறோம்.

கடந்த வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். எந்தக் கம்பஸ், எந்தப் பீடம் என்று சொல்லப்போவதில்லை. எழுதுவதற்கு முதல் அவளிடம் கேட்டோம். எழுதினதை அனுப்பி வாசிக்கச் சொன்னோம். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னாள். வெட்டியிருக்கிறோம்.

அவள் முதலாம் வருடம். வன்னியில் ஒரு கிராமம். அவள் படித்த பாடசாலையிலிருந்து அந்த வருடம் கம்பஸ் கிடைத்தது இரண்டே பேருக்கு. வந்து மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, மாணவர்கள் நடத்தும் 'கன்பெஷன்' பக்கம் ஒன்றில் ஒரு பதிவு வந்தது. பெயர் இல்லை. பீடம் இருந்தது. வருடம் இருந்தது. அன்று அவள் போட்டிருந்த சல்வாரின் நிறம் இருந்தது. லைப்ரரியில் யாருக்குப் பக்கத்தில் இருந்தாள் என்பது இருந்தது. கீழே ஒரு வரி. வெட்டச் சொன்ன இடங்களில் அந்த வரி ஒன்று.

பெயர் வருவதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது. யாரோ ஒருவர் கொமன்டில் முதலெழுத்தைப் போட்டார், அடுத்தவர் ஊரைப் போட்டார், மூன்றாமவர் நேராகவே அவளை டாக் பண்ணினார். விடியும்போது இருநூறுக்கு மேற்பட்ட சிரிப்பு எமோஜி. ஸ்கிரீன்ஷொட் கிராமத்துக்குப் போனது, அங்கேயிருந்து ஸ்காபரோவில் இருக்கிற ஒரு சொந்தக்காரருக்குப் போனது, அவரிடமிருந்து திரும்பி அவளுடைய தாயிடம் வந்தது. தாய்க்குப் பேஸ்புக் கணக்கே இல்லை. இரண்டாம் நாள் பின்னேரம் தாய் எடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளை, நீ வெளிக்கிட்டு வா. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

போனாள். இரண்டரைக் கிழமை வீட்டில் இருந்தாள். அதற்குள் ஒரு இடைநிலைப் பரீட்சையும் இரண்டு அசைன்மென்டும் தவறிப்போயின. ஒரு பாடம் ரிப்பீட். அவளுடைய பீட விதிப்படி ரிப்பீட் எழுதினால் என்னதான் நல்லாச் செய்தாலும் 'சி'க்கு மேல் கிடையாது. கிளாஸ் எடுக்க வேண்டும் என்று வந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு முதல் வருடத்திலேயே பிழைத்துவிட்டது. பதிவைப் போட்டவருக்கும் பக்கத்தை நடத்தினவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று கிழமை கழித்துப் பதிவு அழிக்கப்பட்டது. "சும்மா பகிடிக்குத்தானே, ஏன் இவ்வளவு சீரியஸ்" என்று ஒரு விளக்கமும் வந்தது.

இதை ஏன் நாங்கள் எழுதுகிறோம்? அந்த இருநூறுக்குள் எங்களில் மூன்று பேரும் இருந்தோம். பகிடிவதைக்கு எதிராகக் கட்டுரை எழுதின கை, பெண்ணியம் பற்றி வாசிப்பு வட்டம் வைத்த கை, படுக்கையில் கிடந்து உருட்டிக்கொண்டு போகும்போது அந்தச் சிரிப்புக் குறியையும் அமத்தியிருந்தது. எங்களில் ஒருவருக்கு அப்படிச் செய்தது ஞாபகமே இல்லை. ஸ்கிரீன்ஷொட்டில் தன் பெயரைப் பார்த்த பிறகுதான் நம்பினார். அவர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் நினைக்கவில்லை. செய்ததே ஞாபகமில்லாமல் ஒருத்தியின் படிப்பில் கை வைக்க முடிகிறது என்பதுதான் எங்களைப் பயப்படுத்துகிறது.

"உனக்குப் பிடிக்கேல்லையெண்டால் அந்தப் பக்கத்தைப் பார்க்காத, குரூப்பை விட்டுப் போ." இதைத்தான் முதல் ஆளாக வந்து சொல்வார்கள். போகலாமா என்று பார்ப்போம்.

கம்பஸுக்குத் தெரிவானவர்களின் பட்டியல் வந்தவுடனேயே சீனியர்கள் புதுப் பிள்ளைகளின் நம்பரைத் தேடி எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் விரிவுரைக்கு முதலே வட்ஸ்அப் குரூப் ரெடி. விரிவுரை நேரம் மாறினால் அதில்தான் வரும். அசைன்மென்ட் கடைசித் திகதி அதில்தான். பழைய வினாத்தாள் அதில்தான். விடுதி அறை, பஸ், விளையாட்டுப் போட்டி, யாருடையவும் அம்மா மோசம் போனால் மரண வீட்டுக்குப் போகிற வான் வரைக்கும் அதில்தான். குப்பியும் அதில்தான். வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறோம்: குப்பி என்றால் விளங்கினவர் விளங்காதவருக்குச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு. காசு இல்லை, கட்டாயம் இல்லை. இலங்கைக் கம்பஸ்களில் இருக்கிற மிக நல்ல பழக்கம் எது என்று கேட்டால் நாங்கள் குப்பியைத்தான் சொல்வோம். குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் படித்த எங்கள் அண்ணாமார் அக்காமாருக்கு அந்தப் பெயரை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதே குரூப்பில்தான் இரவு பன்னிரண்டுக்கு "எல்லாரும் ஒன்லைன் வாங்கோ" என்ற கட்டளையும் வருகிறது. புரொஃபைல் படத்தை மாற்று, இந்தப் பாட்டுக்கு வீடியோ எடுத்துப் போடு, அண்ணாவுக்குக் கோல் எடுத்து இன்னதைச் சொல்லு. 2020இல் கொரோனாவால் கம்பஸ் பூட்டி வகுப்புகள் சூமுக்குப் போனபோது பகிடிவதையும் கூடவே ஃபோனுக்குள் போனது. கம்பஸ் திறந்தது, வகுப்பு மண்டபத்துக்குத் திரும்பி வந்தது. பகிடிவதை அங்கேயே தங்கிவிட்டது. மரத்தடியில் நடந்தால் பாதுகாப்பு உத்தியோகத்தர் வருவார், மார்ஷல் வருவார், யாராவது காண்பார்கள். ஃபோனுக்குள் யார் வருவது? முன்பு ராக் பண்ணினவனுக்கும் நித்திரை வரும், ஆறு மணி பஸ்ஸில் பிள்ளை வீட்டுக்குப் போனால் அடுத்த நாள் காலை வரைக்கும் நிம்மதி. இப்போது அந்தப் பிள்ளையின் தலையணைக்குப் பக்கத்தில் சீனியர் படுத்திருக்கிறார்.

ஆக, குரூப்பை விட்டுப் போனால் நோட்ஸ் போச்சு, குப்பி போச்சு, நாளைக்கு வகுப்பு எங்கே என்பதும் போச்சு. மறுத்து நின்றவர்களுக்கு 'அன்ரி ராக்' என்ற முத்திரை. அதற்குப் பிறகு நான்கு வருடமும் கன்ரீனில் தனி மேசை. அப்படித் தனி மேசையில் இருந்தவர்கள் எங்கள் கூட்டத்திலும் இருக்கிறார்கள், அதனால் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கன்பெஷன் பக்கத்துக்கும் இதே கதைதான். பார்க்காமல் விடலாம். ஆனால் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒரே ஆளாக விரிவுரை மண்டபத்துக்குள் நடந்து போக எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கு?

இந்தக் கருவி எங்கே பிறந்தது என்பதையும் ஒருக்கால் பார்க்க வேண்டும். 2003 ஒக்டோபர் கடைசியில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் மார்க் சக்கர்பெர்க் 'ஃபேஸ்மாஷ்' என்று ஒரு தளம் செய்தார். விடுதிகளின் இணையத் தொகுப்புகளிலிருந்து சக மாணவர்களின் படங்களை அவர்களைக் கேட்காமலே எடுத்து, இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து, இதில் யார் வடிவு என்று வாக்குப் போட விட்டார். சில நாட்களில் எதிர்ப்பு வந்து தளம் மூடப்பட்டது, மன்னிப்பும் கேட்டார். 2004 பெப்ரவரியில் பேஸ்புக் வந்தது. கம்பஸ் விடுதி அறையில், பக்கத்து அறைப் பிள்ளையின் படத்துக்குப் புள்ளி போட்ட கையிலிருந்து வந்த சாமான் இது. எங்கள் கன்பெஷன் பக்கங்கள் அதைப் பிழையாகப் பாவிக்கவில்லை. அது பிறந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோயிருக்கின்றன.

பேஸ்புக் முதலில் எல்லாருக்கும் திறந்துவிடப்படவில்லை. 2004க்கும் 2006க்கும் இடையில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போனது. எந்தக் கல்லூரிக்கு எப்போது போனது என்ற திகதிகளையும் மாணவர் உடல்நலக் கணக்கெடுப்புகளையும் பக்கத்தில் வைத்து, மூன்று பொருளியலாளர்கள் 2022இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 775 கல்லூரிகளை எடுத்துப் பார்த்தார்கள். பேஸ்புக் வந்து சேர்ந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் கீழே போயிருந்தது. மனநிலை சரியில்லாததால் படிப்புக் குழம்பியது என்று சொன்னவர்களின் அளவும் கூடியிருந்தது. அவர்கள் சொல்லும் காரணம் எங்களுக்குப் புதிது இல்லை: மற்றவனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது. அப்போது ரீல்ஸ் இல்லை, லைக் பட்டன் கூட இல்லை. அது 2009இல்தான் வந்தது. வெறும் சுவரும் படமும் இருந்த காலத்திலேயே அப்படியென்றால், இன்றைக்கு?

2021இல் அந்த நிறுவனத்தில் வேலை செய்த ஃபிரான்சிஸ் ஹாகன் வெளியில் கொண்டுவந்த உள் ஆவணங்களில், தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் சோர்ந்திருந்த பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் 32 வீதமானோர், இன்ஸ்டகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று சொன்னது பதிவாகியிருந்தது. கொம்பனிக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் நடத்துகிறது. அதற்குத் தேவை நாங்கள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது. நல்ல குப்பி வீடியோவுக்கு முப்பது பேர் வருவோம். ஒருத்தியைப் பற்றின பதிவுக்கு முழுக் கம்பஸும் வரும், சண்டை பிடிக்கத் திரும்பத் திரும்ப வரும். எதை மேலே தூக்கிக் காட்ட வேண்டும் என்று அந்த மெஷினுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, நாங்களே விரலால் சொல்லிக் கொடுக்கிறோம்.

எங்கள் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. டேட்டா கார்ட் போடுகிற பிள்ளைக்குத் தெரியும். சமூக ஊடகத்துக்கு மட்டும் என்று 'அன்லிமிட்டெட்' பொதிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு ஆய்வுக் கட்டுரையை இறக்கினால், ஒரு விரிவுரை வீடியோவை எல்.எம்.எஸ்ஸில் பார்த்தால், சாதாரண டேட்டா ஜீபி ஜீபியாக வெட்டுப்படும். நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்க என்று தனி டேட்டா தருகிறார்கள், அதைப் பாவித்து முடிக்கப் பிள்ளைகள் முழித்திருக்கிறார்கள். பிறகு பிரதம விருந்தினர் வந்து "இந்தக் காலத்துப் பிள்ளையள் இரவிரவாய் ஃபோன்" என்கிறார். மகாபொலக் காசில் சாப்பாடு, போட்டோகொப்பி, பஸ் எல்லாம் பார்த்த பிறகு மிஞ்சுவதில் எது மலிவோ அதைத்தானே வாங்குவோம்? வீட்டில் வைஃபை இருக்கிற பிள்ளைக்கு முழு இணையம், எங்களில் பாதிப் பேருக்கு இணையம் என்றால் நாலு ஆப். இதை மனக்கட்டுப்பாடு இல்லாத குறை என்று சொல்பவர்கள் முதலில் கம்பஸ் விடுதிகளில் ஒழுங்கான வைஃபை போடட்டும்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் மூடிவிடுவோமா?

2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது, அந்தச் செய்தி எங்களுக்குப் பேப்பரில் வரவில்லை. ஃபோனில் வந்தது. வாசலில் மாணவர்கள் கூடினதும் அப்படித்தான். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் இடித்தவர்களே மூன்று நாளில் மறுபடி அடிக்கல் நடவேண்டி வந்தது. 2022இல் தெற்கில் நடந்த போராட்டத்தையும் ஞாபகப்படுத்துகிறோம். ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. ஒரு நாள் முழுக்கக் கூட அதைத் தாக்குப்பிடிக்க முடியாமல் திறந்துவிட்டது. எங்கள் குரலைக் கேட்கிற பத்திரிகை, தொலைக்காட்சி எத்தனை இருக்கு என்று எங்களுக்குத் தெரியும். இந்தக் கட்டுரையும் நீங்கள் ஃபோனில்தான் வாசிக்கிறீர்கள். ஆகவே ஃபோனை உடைக்கிற வீரம் எங்களுக்கு வேண்டாம்.

அரசாங்கத்திடம் ஓடுவதும் வேண்டாம். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கு. ஒருவரின் தனிப்பட்ட விபரத்தைப் போட்டுத் துன்புறுத்துவதற்கு எதிரான பிரிவும் அதில் இருக்குத்தான். ஆனால் எது உண்மை, எது பொய் என்று தீர்ப்புச் சொல்ல ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவையும் அதே சட்டம்தான் உண்டாக்குகிறது. பேஸ்புக்கில் ஒரு சிறுகதை போட்டதற்காக எழுத்தாளர் ஷக்திக சத்குமார 2019இல் கைது செய்யப்பட்ட நாடு இது. அவரைப் பிடித்தது சிவில் அரசியல் உரிமைகளைப் பாதுகாக்க என்று 2007இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ். பாதுகாக்க என்று வந்த சட்டங்கள் எங்கள் ஆட்களின் கழுத்தில் வந்து விழுந்த கதையை வடக்கு கிழக்கில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பெண்பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அந்தச் சட்டத்துக்கு நியாயம் தேடிக் கொடுக்க நாங்கள் தயாரில்லை.

கொம்பனியை நம்பலாமா? 2018 மார்ச்சில் கண்டி, திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்கு எண்ணெய் ஊற்றின வெறுப்புப் பதிவுகள் பற்றி இங்கிருந்து எத்தனையோ முறைப்பாடு போயிருந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல். இரண்டு வருடம். அவளைப் பற்றின பதிவை நாங்களும் ரிப்போர்ட் பண்ணினோம், காலம் பிந்தித்தான். ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதின கொச்சை வார்த்தைகள் அவர்களுடைய 'சமூக நியமங்களை' மீறவில்லை என்று பதில் வந்தது. எங்களுடைய தூசணம் அவர்களுக்கு விளங்காது. எங்களுக்கு விளங்கும்.

அதனால்தான் பொறுப்பு எங்களிடம் வருகிறது. பகிடிவதைக்கு எதிரான சட்டம் ஏற்கெனவே இருக்கு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முதல் வருடம்தான் பேராதனையில் பொறியியல் படித்த ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையால் உயிரிழந்தான். அந்தச் சட்டம் உடம்பில் படும் அடியை மட்டும் சொல்லவில்லை. மனதுக்கு ஏற்படும் காயத்தையும் வேதனையையும் பயத்தையும் சொல்கிறது. அதை மரத்தடியில் செய்தாலென்ன, ஃபோனில் செய்தாலென்ன? ஆக, புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கிற சட்டத்தைக் கையில் எடுக்கிற நிர்வாகமும், அந்த நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிற மாணவர் ஒன்றியமும்தான் தேவை. எங்கள் ஒன்றியங்கள் எதற்கெல்லாமோ அறிக்கை விடுகின்றன, விடத்தான் வேண்டும். தங்கள் வளாகத்துப் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடும் ஒரு கன்பெஷன் பக்கத்தைப் பற்றி ஒரு அறிக்கையை நாங்கள் இதுவரைக்கும் காணவில்லை. ஏன் விடவில்லை? அட்மின் யார் என்று பலருக்குத் தெரியும். கூட இருந்து சாப்பிடுகிறவர், தேர்தலில் வாக்குத் திரட்டித் தருகிறவர். மச்சான் உறவு.

இங்கே எங்களுக்குள்ளேயே ஒரு எதிர்ப்பு வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. "பெயர் சொல்லாமல் எழுதுவதற்கு உரிமை வேண்டாமா? எங்களைப் போன்ற ஊரில், புலனாய்வுக்காரன் விடுதி வாசலில் நிற்கிற இடத்தில், பெயரில்லாமல் எழுதுவதுதானே பாதுகாப்பு?" சரியான கேள்வி. அதிகாரத்தை நோக்கி எழுதுபவருக்குப் பெயர் மறைக்கிற உரிமை வேண்டும், அதற்காக நாங்கள் சண்டை பிடிப்போம். தன்னைத் துன்புறுத்தின விரிவுரையாளரைப் பற்றி எழுதுகிற மாணவிக்கு அது வேண்டும். ஆனால் முதலாம் வருடப் பிள்ளையின் சல்வார் நிறத்தை எழுத உனக்கு என்னத்துக்கு முகமூடி? எந்த அரசாங்கம் உன்னைத் துரத்துது? முகமூடி யாருடைய முகத்தை மூடுகிறது, யாருடைய முகத்தைத் திறந்து வெயிலில் விடுகிறது என்று பார்த்தால் போதும், இரண்டும் ஒன்றல்ல என்பது விளங்கும்.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி இல்லை. நாலு விசயம்.

ஒன்று, வகுப்பு நேரம், அசைன்மென்ட், பரீட்சை பற்றிய அறிவித்தல் எல்லாம் எல்.எம்.எஸ்ஸில் வர வேண்டும். வட்ஸ்அப்பிலும் போடுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு பிள்ளை குரூப்பை விட்டு வெளியேறினால் அவளுடைய படிப்பு வெளியேறக் கூடாது. இது விரிவுரையாளர்கள் நாளைக்கே செய்யக்கூடிய வேலை. ஃபோனைத் தள்ளி வைக்கச் சொல்கிற உரிமை அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு வரும்.

இரண்டு, முதலாம் வருடப் பிள்ளைகளின் நம்பர்களைச் சீனியர்கள் திரட்டுவதை நிறுத்த வேண்டும். புதுப் பட்ச்சின் குரூப்பைப் புதுப் பட்ச்சே தொடங்கட்டும். குப்பி கொடுக்க விருப்பமுள்ள சீனியர் நேரத்தையும் இடத்தையும் அறிவிக்கட்டும், விரும்பினவர் வருவார்கள். குப்பிக்கு விலையாகக் கீழ்ப்படிவைக் கேட்பவர் குப்பி கொடுக்கவில்லை, வட்டிக்கு விடுகிறார்.

மூன்று, கம்பஸ் பெயரில் நடக்கிற எந்தப் பக்கமும் நடத்துபவர் யார் என்பதை ஒன்றியத்துக்காவது அறிவிக்க வேண்டும். முடியாது என்றால், இது எங்கள் பக்கம் இல்லை என்று ஒன்றியம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

நான்கு, இது எங்களுக்கும் உங்களுக்கும்: அமத்தாதே. ஒருத்தியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தும் பதிவுக்குச் சிரிப்பும் வேண்டாம், "பாவம்" என்ற கொமன்டும் வேண்டாம், கோபமும் வேண்டாம். மெஷினுக்கு எல்லாம் ஒரே தீனிதான். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அவளிடம் கேட்டுவிட்டு முறைப்பாட்டுக்கு வைத்துக்கொள். அவளுக்கு ஒரு மெசேஜ் போடு. முடிந்தால் அடுத்த நாள் காலை விரிவுரைக்குப் போகும்போது அவளோடு சேர்ந்து நட. அந்தக் கிழமை தன் பக்கத்துச் சீட்டில் ஒருவராவது வந்து இருந்திருந்தால் தான் வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன் என்று அவள் எங்களிடம் சொன்னாள். வெட்டச் சொன்ன இரண்டாவது இடத்துக்குப் பதிலாக இதைப் போடச் சொன்னதும் அவள்தான்.

அவள் இப்போது இரண்டாம் வருடம். புதுப் பிள்ளைகளுக்குப் புள்ளிவிபரவியல் குப்பி கொடுக்கிறாள், வெள்ளிக்கிழமைகளில், லைப்ரரிக்குப் பின்னால் இருக்கிற சீமெந்து வாங்கில். நம்பர் கேட்பதில்லை. நேரத்தைத் துண்டில் எழுதி ஒட்டுகிறாள், ஒரு பதினைந்து பேர் வருகிறார்கள்.

எங்களில் அந்த மூன்று பேரும் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். ஒருவரை மன்னித்தாள், இரண்டு பேரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுடைய உரிமை. எங்கள் கூட்டம் நடத்தும் ஐந்து குரூப்களிலும் பக்கத்திலும் அட்மின்களின் முழுப் பெயரை இந்தக் கிழமை முகப்பில் போட்டிருக்கிறோம். பிழை நடந்தால் யாரைக் கேட்பது என்று இனித் தெரியும்.

இதை வாசிக்கிற உங்களில் யாரோ ஒருவர் அப்படி ஒரு பக்கத்தை நடத்துகிறீர்கள். உங்களுடைய பெயர் என்ன?